தகவல் கேட்டால் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள்

பல அரச கந்தோர்களின் வாசலில், மக்கள் கேட்கும் தகவலைக் கொடுக்க வேண்டிய தகவல் அலுவலரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய பலகை இருக்கும். இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் பலகை தொங்குவதால் மட்டும் அது மக்களுக்குப் பயன்பட்டுவிடாது. “அவர் லீவு, பிறகு வாங்கோ” என்று ஆட்களைத் திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டம் சுவரோடு நின்றுவிடுகிறது. அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில், நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஆகவே ஆள் இல்லை என்பது பதிலே இல்லை.

இலங்கைப் பிரஜை யாரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

கேட்கும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “எங்கள் ஒழுங்கைக்கு ஏன் இன்னும் தார் போடவில்லை?” என்று பிரதேச சபைக்கு எழுதினால், “நிதி வந்ததும் செய்யப்படும்” என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடலாம். அதற்குப் பதிலாக, ஒழுங்கையின் பெயரையும் ஆண்டையும் போட்டு, அந்த வேலைக்கான மதிப்பீடு, ஒப்பந்தம், பணம் கொடுத்த வவுச்சர் ஆகியவற்றின் பிரதியைக் கேளுங்கள். கோவையில் இருக்கும் தாளைக் கேட்டால் மழுப்புவது கஷ்டம்.

கடிதம் கிடைத்ததை உடனே எழுத்தில் உறுதிப்படுத்துவது அலுவலரின் கடமை. அதை வாங்காமல் திரும்பாதீர்கள். நாள் கணக்கு அந்தத் திகதியில்தான் தொடங்குகிறது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம்.

மறுத்தாலும், தவணை கடந்தும் பேசாமல் இருந்தாலும், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கெனப் பெயர் குறிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் எழுதுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். அப்போது முதல் நாள் கையெழுத்தோடு வாங்கிய அந்த உறுதிப்படுத்தலின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.