உஷுரு: கிழக்கு ஆப்பிரிக்க வரிச் சொல்லுக்குத் தமிழில் எது சரி?

டான்சானியாவில் வரி வசூலிக்கும் ஆணையத்துக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் பொதுமொழியான சுவாஹிலியில் பெயர் 'மம்லாகா யா மபாட்டோ டான்சானியா'. எல்லையைத் தாண்டிக் கென்யாவுக்குள் போனால் அதே வேலையைச் செய்யும் ஆணையத்தின் பெயர் 'மம்லாகா யா உஷுரு கென்யா'. ஆங்கிலத்தில் இரண்டுமே ரெவென்யூ அத்தாரிட்டிதான். மபாட்டோ என்றால் வருவாய். அது எளிது. உஷுருவை என்னவென்று தமிழில் எழுதுவது? பெரும்பாலும் 'வரி' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். கென்யாவைப் பற்றி எழுதும்போது அது பல இடங்களில் பொருந்தும். டான்சானியாவின் சட்டத்தையோ ரசீதையோ மொழிபெயர்க்கும்போது அதே 'வரி' ஆளைத் தடுமாற வைத்துவிடும்.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. அரபியில் பத்துக்கு 'அஷரா' என்று பெயர். பத்தில் ஒரு பங்கு 'உஷ்ர்', அதன் பன்மை 'உஷூர்'. முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளை ஆஷூரா என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். சுவாஹிலியில் பத்துக்கு 'கூமி' என்ற சொந்தச் சொல், அதாவது பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்துச் சொல் இருக்கிறது. ஆனால் இருபதுக்கு வழங்கும் 'இஷிரினி' அரபிக் கொடை. உஷுருவும் அதே கப்பலில் வந்த சொல்.

இஸ்லாமியச் சட்டத்தில் உஷ்ர் முதலில் வயலோடு சேர்ந்தது. மழை நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, ஆள் வைத்து நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. உழவரின் உழைப்புக்கும் செலவுக்கும் ஏற்பப் பங்கு குறைகிறது. விளைச்சல் ஜகாத் (கடமையான தானம்) பற்றிப் பேசும்போது தமிழ் முஸ்லிம்களும் இந்தச் சொல்லைச் சொல்வதுண்டு. அப்புறம் கலீஃபா உமர் காலத்தில் இது எல்லை கடந்து வரும் வணிகச் சரக்குக்கும் பரவியது. வெளிநாட்டு வணிகரிடம் பத்து சதவீதம், ஆட்சிக்கு உட்பட்ட பிற மதத்தவரிடம் ஐந்து, முஸ்லிம் வணிகரிடம் இரண்டரை என்பது மரபு. ஆக, வயலில் பிறந்த சொல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. சுவாஹிலிக் கடற்கரையில் இது சரக்கு மீதான தீர்வையாகவே வேரூன்றியது.

அந்தக் கடற்கரையின் பெரிய துறைமுகம் சான்சிபார். 1833-இல், சான்சிபாரையும் ஆண்ட மஸ்கட் சுல்தான் சயீத், அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். இறக்கும் சரக்குக்கு ஐந்து சதவீதத் தீர்வை, அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அதன் சாரம். சொல்லின் பொருள் பத்தில் ஒன்று, வாங்கியதோ இருபதில் ஒன்று. அதாவது அப்போதே சொல்லுக்குள் இருந்த எண் கரைந்துபோய்விட்டது. சான்சிபார் சுங்கத்தைச் சுல்தான் நேரடியாக வசூலிக்கவும் இல்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் குத்தகைக்கு விட்டார். அந்தக் குத்தகையை நெடுங்காலம் கையில் வைத்திருந்தது கச்சுப் பகுதியைச் சேர்ந்த ஜைராம் சிவ்ஜியின் வணிகக் குடும்பம். கிழக்கு ஆப்பிரிக்க வரி வரலாற்றில் இந்தியக் கை இவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

சான்சிபாரின் பழைய நகரான கல்நகரின் (ஸ்டோன் டவுன்) கடலோரத்தில் மாலை நேரத்தில் மீனும் ரொட்டியும் விற்கும் ஃபொரொதானி பூங்கா பயணிகளுக்கு நன்றாகத் தெரியும். 'ஃபொரொதா' என்றால் சுங்கத்துறை. அரபியில் துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கடைசியில் உள்ள 'னி' நம் 'இல்' போன்ற இட விகுதி. சுங்கத்தில் என்பதே ஊர்ப்பெயராகிவிட்டது. கோவையில் 'சுங்கம்' என்று ஒரு பகுதி இருப்பதும் அப்படித்தான்.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். டான்சானியாவில் இரண்டு சொற்கள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. வருமான வரி 'கோடி யா மபாட்டோ'. மதிப்புக் கூட்டு வரியும் 'கோடி'தான். (நூறு லட்சம் என்ற நம் கோடி அல்ல இது, சுவாஹிலியில் கோடி என்றால் வரி, வீட்டு வாடகையும் அதே சொல்.) சுங்கத்தில் கட்டுவது 'உஷுரு வா ஃபொரொதா'. மது, சிகரெட் போன்ற பொருள்கள் மீது விழுவது 'உஷுரு வா பிதா'. பத்திரம் எழுதும்போது கட்டுவது 'உஷுரு வா ஸ்டெம்பு'. சந்தையில் கடை போடுபவர் கொடுப்பது 'உஷுரு வா சோகோ'. ஆளின் வருமானத்தைப் பார்த்து விதித்தால் கோடி. சரக்கு, பத்திரம், சந்தை என்று ஒரு பொருளையோ செயலையோ பிடித்து விதித்தால் உஷுரு. இந்தக் கோடு எல்லா இடத்திலும் கறாராக இருக்காது, ஆனால் பெரும்பாலும் உதவும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 'உஷுரு வா மசாவோ', அதாவது விளைச்சல் மீது உள்ளாட்சி மன்றங்கள் வாங்கும் தீர்வை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிய சொல், திரும்பவும் முந்திரிக்கும் மக்காச்சோளத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் உழவர்களுக்கு இது இனிப்பான செய்தி இல்லை. விற்கும் விலையில் ஐந்து சதவீதம் வரை போய்க்கொண்டிருந்தது. 2017-இல் அதை உணவுப் பயிருக்கு 2 சதவீதமாகவும் பணப்பயிருக்கு 3 சதவீதமாகவும் குறைத்தார்கள். விளைச்சல் பொய்த்து நட்டம் ஏற்பட்ட ஆண்டிலும் விற்ற தொகை மீது இது விழும். வருமான வரியோ லாபம் இருந்தால்தான். இரண்டையும் 'வரி' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் உழவரின் குறை என்னவென்றே படிப்பவருக்குப் புரியாமல் போகும்.

கென்யாவில் நிலைமை வேறு. அங்கே செய்தித்தாளும் மக்களும் பெரும்பாலும் எல்லா வரியையும் உஷுரு என்றே சொல்வார்கள். 2024-இல் ரொட்டிக்கு 16 சதவீத மதிப்புக் கூட்டு வரி போடும் யோசனையோடு வந்த நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ரொட்டி வரி முதலில் கைவிடப்பட்டது. ஜூன் 25 அன்று போராட்டம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது, உயிர்கள் போயின. மறுநாள் குடியரசுத் தலைவர் ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். அந்த நாள்களின் உஷுருவைத் தமிழில் வரி என்றுதான் எழுத வேண்டும். 'தீர்வை' என்று எழுதினால் கோபத்தின் சூடே போய்விடும்.

முதலீடு செய்யப் போகிறவருக்கு இந்த வேறுபாடு கணக்கிலும் வரும். கென்யா, டான்சானியா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் சுங்க ஒன்றியம் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெளியிலிருந்து வரும் சரக்குக்குப் பொதுத் தீர்வை வைத்தார்கள்: மூலப்பொருளுக்குச் சுழியம், இடைநிலைப் பொருளுக்கு 10, முடிந்த பொருளுக்கு 25 சதவீதம். 2022 ஜூலையில் 35 என்ற நான்காம் படியும் சேர்ந்தது. பழைய பத்தில் ஒன்று இரண்டாம் படியில் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ஷில்லிங் பெறும் முடிந்த பொருள் ஒன்று கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 25,000. அதையும் சேர்த்து வரும் 1,25,000 மீது மதிப்புக் கூட்டு வரி 16 சதவீதம், அதாவது 20,000. தீர்வை மீதே வரி ஏறுகிறது. இதற்கு வெளியே இறக்குமதி அறிவிப்புக் கட்டணமும் ரயில்வே மேம்பாட்டுக் கட்டணமும் தனியாக உண்டு. கென்ய அரசியலமைப்பின் 210-ஆவது பிரிவு, சட்டம் இயற்றாமல் எந்த வரியையும் விதிக்கவும் கூடாது, விலக்கவும் கூடாது என்கிறது. எனவே 'உஷுரு விலக்கு' என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், எந்தச் சட்டத்தின்படி, தீர்வைக்கா வருமான வரிக்கா என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, தமிழில் எது? நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. திருக்குறள் 756 'உல்கு பொருள்' என்று சுங்க வருவாயைச் சொல்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைத் தெருவில் ஓயாமல் உல்கு வாங்கும் அலுவலரையும், புலி முத்திரை குத்தப்பட்ட மூட்டைகளையும் காட்டுகிறது. துறைமுக உஷுருவுக்கு உல்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்று விளக்கம் சொல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. சுங்கம் எல்லாருக்கும் தெரிந்த சொல். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஊரே கொண்டாடியது. வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்க இன்றும் ஏலம் விடுகிறார்கள். ஆகவே சந்தை உஷுருவுக்குச் சுங்கம் என்றே எழுதலாம். பத்திரத்துக்கும் மதுவுக்கும் அது போகாது.

நான் தேர்வது தீர்வை. சுங்கத் தீர்வை, ஆயத்தீர்வை, முத்திரைத் தீர்வை என்று உஷுரு போகும் வழியெல்லாம் அது ஏற்கெனவே போயிருக்கிறது. நிலத்திலும் அதற்கு இடம் உண்டு. கிராமத்தில் நிலவரி கட்டுவதைத் 'தீர்வை கட்டுவது' என்பார்கள். வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்றே ஒரு வகை இருக்கிறது. ஆகவே உஷுரு வா மசாவோ, விளைச்சல் தீர்வை. வயல், துறைமுகம் இரண்டையும் தொடும் வேறொரு சொல் இன்றைய தமிழில் எனக்குத் தென்படவில்லை. பத்து என்ற எண் தீர்வைக்குள் இல்லைதான். உஷுருவைப் பேசும் சுவாஹிலிக்காரர் காதிலும் அந்தப் பத்து இப்போது ஒலிப்பதில்லை.

இதன் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் குறித்துக்கொள்ளலாம். 2021-இல் டான்சானியா, கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றத்தின் மீது ஒரு கட்டணம் போட்டது. அதை மக்கள் உஷுரு என்றோ கோடி என்றோ சொல்லாமல் 'டோசோ' என்றார்கள். கொடுக்க வைப்பது, பிடித்து வாங்குவது என்ற பொருள் தரும் வினையிலிருந்து பிறந்த சொந்தச் சொல் அது. அதற்குத் தமிழில் 'தண்டல்' என்று எழுதுங்கள்.