பெட்டி நசுங்கினால் முட்டை பிழைக்கும்

பொறியியல் முதலாண்டில் எங்களுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். ஒரு கோழிமுட்டையை இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து சிமெண்டுத் தரையில் போட வேண்டும். ஓட்டில் விரிசல் விழக்கூடாது. அட்டை, பழைய பேப்பர், தெர்மகோல், ஸ்பாஞ்ச் என்று எதை வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். மொத்த எடை அரைக் கிலோவைத் தாண்டக்கூடாது, பாராசூட் கட்டக்கூடாது. நாலு பேருக்கு ஒரு குழு.

முதல் முயற்சியில் கெட்டியான தெர்மகோல் பலகைகளை ஒட்டி, நடுவில் முட்டை அளவுக்குக் குடைந்து, டேப் சுற்றி இறுக்கினோம். போட்டோம். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அடியில் கட்டைவிரலால் அழுத்திய மாதிரி அரை சென்டிமீட்டருக்கு ஒரு குழி, அவ்வளவுதான். திறந்தால் உள்ளே எல்லாம் கூழ். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னா முட்டைக்குத்தான் தம்பி ஆகும்" என்றார். அன்றைக்கு அது கிண்டலாகத்தான் பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த வராந்தா தரையிலிருந்து 7 மீட்டர். அங்கிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் பூஜ்யமாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் என்பதுதான் கேள்வி. சூத்திரம் சுலபமானது. விழுந்த உயரத்தை, நிற்கக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், முட்டை தன் எடையைப் போல எத்தனை மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது வந்துவிடும். எங்கள் தெர்மகோல் கொடுத்தது அரை சென்டிமீட்டர். 7 மீட்டரை அதனால் வகுத்தால் 1400 மடங்கு. முட்டையின் எடை 55 கிராம் என்றால் 77 கிலோ. ஒரு ஆள் முட்டை மேல் ஏறி நின்றதற்குச் சமம்.

முட்டை எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மற்றது) இதை அளந்து 2025-ல் வெளியிட்டார்கள். மெதுவாக அழுத்தினால் ஏறத்தாழ 45 நியூட்டனில், அதாவது நாலரைக் கிலோ எடை வைத்த அளவில், ஓடு உடைகிறது. நிறுத்தி வைத்து அழுத்தினாலும் படுக்க வைத்து அழுத்தினாலும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் படுத்திருக்கும் முட்டை உடைவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாக அமுங்கிக் கொடுக்கிறது. அதனால் வெறும் 8 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து போட்டபோது, நிற்க வைத்து விழுந்தவற்றில் பாதிக்கு மேல் விரிசல் விட்டன. படுக்க வைத்து விழுந்தவற்றில் பத்து சதவீதம்கூட விடவில்லை. எங்கள் காலத்தில் வாத்தியார்கள் உட்பட எல்லோரும் சொன்னது, "நிறுத்தி வை, வளைவுக்குத்தான் பலம் அதிகம்" என்று. நாங்களும் நிறுத்தித்தான் வைத்தோம்.

சரி, 14 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால்? 50 மடங்கு, இரண்டே முக்கால் கிலோ. ஓடு தாங்கிவிடும். எந்தப் பொருளும் தன் முழு உயரத்துக்கும் நசுங்காது, கடைசியில் ஒரு கட்டி மிஞ்சும். ஆக, முட்டைக்குக் கீழே ஒரு சாண் வேண்டும்.

அடுத்து ஸ்பாஞ்சை அடுக்கினோம். அதுவும் தோற்றது. ஸ்பாஞ்ச் முதலில் எதிர்ப்பே இல்லாமல் அமுங்கி, கடைசி விரற்கடையில் கல்லாகிவிடுகிறது. ஒழுங்கான ஸ்பிரிங்கே போட்டிருந்தாலும் சிக்கல்தான். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு பூஜ்யத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். அதன் உச்சம் சராசரியைப் போல இரண்டு மடங்கு. நம் கணக்கில் இரண்டே முக்கால் கிலோ ஐந்தரையாகிவிடும், முட்டை போயே போச்சு. போதாக்குறைக்கு ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து பெட்டியை எகிற வைக்கும். இரண்டாவது தடவை எப்படி விழும் என்று யாருக்குத் தெரியும்?

வேண்டியது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு எதிர்ப்பைக் காட்டிக்கொண்டே நசுங்கி, நசுங்கியபடியே கிடக்கும் பொருள். பேப்பர் குழல் அதற்கு அருமையாகப் பொருந்துகிறது. குழலை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கும். ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும், திருப்பித் தராது. கார்களின் முன்பகுதி மோதலில் சுருங்குவதும் இதே வித்தைதான். 1959-ல் மெர்சிடிஸ் டபிள்யூ 111 காரில் அதைத் திட்டமிட்டே வைத்தார்கள்.

பழைய பேப்பரில் ஒரு சாண் உயரக் குழல்கள் சுருட்டி, எடை மெஷின் மேல் நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தோம். குழல் நிறுத்த வேண்டியது முட்டையை மட்டுமில்லை. கூடு, டேப் எல்லாம் சேர்த்து 200 கிராம். 50 மடங்கு என்றால் பத்துக் கிலோ. நாலு குழல் வைத்தால் ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ. ஆனால் மெஷின் முள் முதலில் ஆறு கிலோ வரை ஏறி, குழல் 'மடக்' என்று முதல் மடிப்பு விழுந்த பிறகுதான் இரண்டரைக்கு இறங்கியது. அந்த முதல் உச்சமே முட்டையை உடைக்கப் போதும். அப்புறம் குழலின் நுனியை முன்கூட்டியே விரலால் லேசாகக் கசக்கிவிட்டதும் உச்சம் காணாமல் போனது.

முட்டைக்கும் கூட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவே கூடாது. ஒரு சென்டிமீட்டர் விட்டாலும், கூடு வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது முட்டை அதே 42 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கூட்டை முட்டும். கூரியரில் அனுப்பும் பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது என்பது இதனால்தான். எங்கள் கூடு, கடையில் கிடைக்கும் முப்பது முட்டை அட்டையிலிருந்து வெட்டியது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வரும் அதே காகிதக்கூழ் அட்டை. அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: குழிகளுக்கு நடுவே கூம்புத் தூண்கள் எழும்பி நிற்கும். அட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று கால்வட்டம் திருப்பி அடுக்கினால் மேல் பாரம் தூண்கள் வழியாகவே இறங்கிவிடும், முட்டை மேல் ஏறாது.

பெட்டி பக்கவாட்டில் விழுந்தால் குழலால் பயனில்லை. ஆறு பக்கமும் குழல் வைத்தால் பெட்டி தொட்டி அளவுக்கு வந்துவிடும். அதனால் பெட்டி நேராக இறங்க, பட்டத்துக்குக் கட்டுவதுபோல நீளமாகப் பேப்பர் வால் ஒட்டினோம். "இது பாராசூட்" என்று எதிர்க்குழு சண்டைக்கு வந்தது. "வால்தான்" என்று சாதித்தோம்.

போட்டியன்று எங்கள் பெட்டி நேராக இறங்கி, சப்பென்று பாதி உயரமாக நசுங்கி உட்கார்ந்தது. பார்க்கவே கேவலமாக இருந்தது. திறந்தால் முட்டையில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் விடுதியில் அதை உடைத்து ஊற்றினோம். மஞ்சள் கரு முன்பே கிழிந்து வெள்ளையோடு கலங்கிப் போயிருந்தது. விதியில் முட்டை ஓடு பற்றி மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.