மினியேச்சர் என்றால் சொப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே, தீப்பெட்டி அளவில் ஒரு தகர விளம்பரப் பலகை கிடைத்தது. எந்தப் பிள்ளை விளையாடிய பொம்மைக் கடையின் வாசலில் நின்றதோ! விலை கேட்டேன். "அது மினியேச்சர் போர்டுண்ணே" என்றார் கடைக்காரர்.

இந்த மினியேச்சருக்கும் சிறுமைக்கும் பிறப்பில் உறவே இல்லை. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் செந்தூரம். ஐரோப்பாவில் ஏடு எழுதியவர்கள் தலைப்பெழுத்துகளுக்கு அந்தச் சிவப்பைத் தீட்டினார்கள். அந்த வேலையின் பெயர் இத்தாலியில் 'மினியத்தூரா' ஆகி, ஏட்டில் வரைந்த படங்களுக்கும் வந்தது. அந்தப் படங்கள் சிறியவை. போதாததற்கு, 'குறைவு' எனப் பொருள்படும் 'மைனஸ்' போன்ற சொற்களின் ஒலிச்சாயலும் சேர்ந்தது. சிவப்பைக் குறித்த சொல் சிறியதைக் குறிக்கத் தொடங்கியது.

மினியேச்சருக்கு நாம் சொல்லும் 'சொப்பு' என்ற சொல்லும் சிவப்பில்தான் பிறந்தது என்று கண்டபோது சிலிர்த்துப்போனேன். செம்மையிலிருந்து செம்பு, செம்பின் இன்னொரு வடிவம் செப்பு. முதலில் உலோகம், பிறகு சிமிழ், சிறு கலம், கடைசியில் பிள்ளைகள் விளையாடும் குட்டிப் பாத்திரம். செம்பு பேச்சில் சொம்பு ஆனதுபோல் செப்பு சொப்பு ஆயிற்று. பானை, அடுப்பு, உரல், அம்மி என ஒரு வீட்டின் புழங்குசாமான் முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் சொப்புச் சாமானை நாம் எல்லோரும் அறிவோம்.

'சிறு' என்ற அடைமொழிக்கும் குட்டி வடிவைக் குறிக்கும் இந்த வேலை பழக்கமானது. பிள்ளைத்தமிழின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் விளையாட்டுப் பொருள்களே. ஆண்டாளின் சிறுமியரும் சிறுதூதை என்னும் குட்டிப் பானை, சிறுசுளகு என்னும் குட்டி முறம் கொண்டுதான் மணல்வீடு கட்டினார்கள். ஆனால் பொம்மை ஊரைச் 'சிற்றூர்' என்றால் நிஜக் கிராமம் ஆகிவிடும். அங்கே 'சொப்பு ஊர்' என்பதே தெளிவு. அகராதிக்காரர்கள் தரும் 'சிற்றுரு' கட்டுரைக்குச் சரி. கடையில் கேட்க ஒட்டாது.

இங்கிலாந்தின் மெக்கானோ நிறுவனம் 1930களில் தன் ஹார்ன்பி பொம்மை ரயில் பாதையோரம் வைக்க, ஹால்ஸ் டிஸ்டெம்பர் சுண்ணப்பூச்சின் விளம்பரப் பலகையை இரண்டு பெயின்டர்கள் சுமந்து செல்லும் உருவங்களை விற்றது. அங்கே நிஜ ரயில் பாதையோர வயல்களில் நின்ற விளம்பரத்தின் சிறிய வடிவம் அது. அந்த நாட்டில் 'ஓ' எனப்படும் தண்டவாள அகலத்தில் ஓடும் ரயில் பொம்மைகளின் அளவு நிஜத்தில் ஏறக்குறைய 43இல் 1 பங்கு. அந்தக் கணக்கில் நான்கடிப் பலகை ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும்.

நவராத்திரியில் என் பலகையைக் கொலுப்படியில் செட்டியார் பொம்மையின் மளிகைக்கடைக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். ஆயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, சொப்புப் போர்டு!" என்றார்.