பயிற்சிக்குத் தலைப்பு கொடுக்க வேண்டியது யார்?

பென்னாகரம் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமம். விவசாயிகளுக்கான பயிற்சியில், சாமையில் புதிய ரகம், வரிசை விதைப்பு என்று இரண்டு மணி நேரம் பேசி முடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்தார்.

"விதைக்கறதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். குத்திப் புடைக்கறதுக்குள்ளதான் தோள்பட்டையே விட்டுப்போவுது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உலக்கை பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போயிருந்தது. சாமையின் உமி லேசில் விடாது. அரிசியாக்கும் பாடு முழுக்கப் பெண்கள் தலையில்தான். என்னிடம் பதில் இல்லை. தலைப்பை நாங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தோம்.

ஊராரைக் கேட்டு முடிவு செய்ய ஏற்பாடு இல்லாமல் இல்லை. விவசாயிகளுக்குப் பயிற்சியும் புதிய தொழில்நுட்பமும் கொண்டுசேர்க்கும் 'அட்மா' என்ற அரசுத் திட்டத்தில் வட்டாரந்தோறும் விவசாயிகள் ஆலோசனைக் குழு உண்டு. பாப்பாரப்பட்டியில் இருப்பது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களின் ஆலோசனைக் குழுவிலும் விவசாயிகளுக்கு இடம் உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. நான் பார்த்தவரை, போர்வெல்லும் பட்டாவும் உள்ளவர்களே முதலில் அழைக்கப்படுகிறார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல தோப்புகளில் மருந்தடிப்பவர் தோப்புக்காரர் அல்ல, கூலிக்கு வருபவர். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார். பாதுகாப்பாக மருந்தடிக்கும் பயிற்சிக்கு மட்டும் தோப்புக்காரரை அழைக்கிறோம்! குத்தகைக்காரர், ஆடு மேய்ப்பவர், கூலியாள் ஆகியோரும் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். காலை பத்து மணி நமக்கு வசதி. பெண்களோ அப்போது நூறு நாள் வேலையில் இருப்பார்கள். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போக வேண்டும். ஒரு குழுவில் பெண்கள் பிற்பகல் இரண்டரை மணி என்றார்கள், கூட்டம் நிறைந்தது. ஆடிப்பட்டத்துக்கான விதைத்தேர்வுப் பயிற்சியை ஆவணியில் நடத்தக் கூடாது என்று அவர்கள் சொல்லித்தான் வைகாசிக்கு மாற்றினோம்.

கேட்டுவிட்டு மறந்துபோனால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள். அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கேட்டது, செய்தது, முடியாதது, ஏன் முடியவில்லை என்பதையெல்லாம் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக உரக்கப் படிக்கிறோம்.

அந்த மலையடிவார ஊர் நோட்டில் முதல் வரி, சாமை உமி நீக்கும் மெஷின். அதன் கீழே அந்த அக்கா சொல்லச் சொல்ல எழுதியது: "ரிப்பேர் பார்க்க எங்களுக்கே கத்துக்குடுக்கணும்."