ஸபி: ஜப்பானியப் பாட்டின் மகுடம்

ஒரு பாப் பாட்டைப் பற்றி ஜப்பானியர் இருவர் பேசினால் சில நிமிடங்களுக்குள் 'ஸபி' என்ற சொல் வந்துவிடும். "முழுப் பாட்டும் தெரியாது, ஸபி மட்டும் தெரியும்" என்பார் ஒருவர். "ஆரம்பம் சுமார்தான், ஸபிக்காகக் கேட்கலாம்" என்பார் மற்றவர். மெட்டும் சொல்லும் வாத்தியங்களும் ஒருசேர ஓங்கி, கேட்டவர் வாயில் ஒட்டிக்கொள்ளும் பகுதிதான் ஸபி. தமிழில் இதைக் 'கோரஸ்' என்றோ 'பல்லவி' என்றோ எழுதுகிறோம். இரண்டும் பொருந்தாது.

முதலில் எழுத்துக்கூட்டல். இரண்டு எழுத்தும் குறில். 'பி'யை 'சபை'யில் வரும் பகரம் போல ஒலிக்க வேண்டும். 'சபி' என்று எழுதினால் 'சாபமிடு' என்று பொருள்பட்டுவிடும். 'ஸாபி' என்று நீட்டுவதும் தவறு, ஜப்பானிய மொழியிலும் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடும். எனவே இங்கே 'ஸபி'.

சொல்லின் பிறப்பு குறித்து இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. பழமையும் தனிமையும் கலந்த அழகைக் குறிக்கும் 'வபி-ஸபி'யில் உள்ள அதே ஸபிதான் இது என்பது ஒன்று. மரபுப் பாட்டிலும் கதைப்பாட்டிலும் தாழ்ந்து கனத்துப் பழுத்த குரலுக்கு 'ஸபிகோஎ' என்று பெயர் உண்டு. அந்தக் குரல் எடுபடும் இடத்தின் பெயரே நாளடைவில் பாட்டின் சிறந்த இடத்துக்கும் பெயராயிற்று என்பார்கள். 'வஸபி' என்ற காரமான பச்சை விழுதின் சுருக்கம் என்பது மற்றொன்று: சாப்பாட்டில் சட்டென ஏறும் காரம் போலப் பாட்டில் ஏறும் காரம். கேட்கச் சுவையாக இருந்தாலும், குரலோடு தொடர்புடைய முதல் விளக்கமே எனக்கு இயல்பாகப் படுகிறது. இன்று இச்சொல்லைச் சீன எழுத்தில் எழுதாமல், ஒலியை மட்டும் காட்டும் கதகானா எழுத்தில் எழுதுவதால், பார்த்த அளவில் எந்தப் பொருளும் தெரிவதில்லை.

பொருளும் இடம் மாறியிருக்கிறது. 1961இல் கியூ சகாமோட்டோ பாடி, 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த 'உஎ ஒ முய்தே அருகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். (வெளிநாடுகளில் அதற்கு 'சுகியாகி' என்று ஓர் இறைச்சிக் குழம்பின் பெயரை வைத்தார்கள். கண்ணீர் கீழே சிந்தாதபடி நிமிர்ந்து நடப்பவனின் பாட்டுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.) முதல் மெட்டு இரண்டு முறை வரும், பிறகு, இன்பம் மேகங்களுக்கு மேலே இருக்கிறது என்று பாட்டு வேறு மெட்டுக்குத் திரும்பும், மீண்டும் முதல் மெட்டு. நடுவில் திரும்புகிற அந்த இடம்தான் இவ்வகைப் பாட்டில் ஸபி. ஜப்பானிய ஜாஸ் கலைஞர்கள் இன்றும் இந்தப் பொருளிலேயே சொல்கிறார்கள். பாப் பாட்டின் அமைப்பு மாறிய பிறகே, நடுத் திருப்பத்தின் பெயர் பாட்டின் உச்சத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தப் புதிய அமைப்பில் மூன்று படிகள்: ஏ-மெரோ, பீ-மெரோ, ஸபி. 'மெரோ' என்பது 'மெலடி'யின் சுருக்கம். நம் 'மெட்டு' அதற்கு அப்படியே பொருந்தும். ஏ-மெரோ தாழ்ந்த சுருதியில் கதை சொல்லும். பீ-மெரோவில் தாளம் தளரும் அல்லது மாறும், மெட்டு மெல்ல ஏறும். ஏறி வந்த வேகம் ஸபியில் வெடிக்கும். புதிதாகக் கேட்பவர்கள் பீ-மெரோவையே ஸபி என்று எண்ணிவிடுகிறார்கள். அடையாளம் எளிது: அந்தப் பகுதி முடிந்ததும் பாட்டு மூச்சு வாங்கினால் அது ஸபி, இன்னும் ஏறினால் பீ-மெரோ.

அளவிலும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 130 தாள அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட தாள வட்டங்களாகப் பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். முன்னிசை 8 வட்டம், ஏ-மெரோ 16, பீ-மெரோ 8, ஸபி 16; மொத்தம் 48 வட்டம், 192 அடி, ஏறத்தாழ 89 விநாடி. தொலைக்காட்சியில் வரும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடரான அனிமேயின் தொடக்கப் பாட்டுக்குக் கிடைக்கும் ஒன்றரை நிமிடத்தில் கச்சிதமாக அடங்கிவிடும். ஸபி மட்டும் 29 விநாடிக்குச் சற்று மேல். 2002இல் வந்த 'சகு-உதா' எனும் கைப்பேசி அழைப்புப் பாட்டில் விற்றதும் ஏறத்தாழ அரை நிமிடத் துண்டுதான், அதுவும் பெரும்பாலும் ஸபிதான்.

ஸபியில் அடிக்கடி கேட்கும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசைக்கு 'ஓடோ ஷின்கோ' என்று பெயர். 'ஓடோ' என்றால் ராஜபாட்டை. சி மேஜரில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். தாய்வீடான சி-யைத் தொடாமலே நான்கும் கடந்துவிடும். அதனால்தான் அந்த இடத்தில் பாட்டு ஓரிடத்தில் நில்லாமல் முன்னே தள்ளிக்கொண்டே போகிறது.

இனி 'கோரஸ்'. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் கோரஸ் என்றால் சேர்ந்து பாடும் குழுக் குரல். ஜப்பானிய 'கோரசு'வுக்கும் அதே பொருள் உண்டு. போதாததற்கு, 'ஒன் கோரசு' என்றால் ஏ-மெரோவிலிருந்து ஸபி முடியும் வரையான ஒரு முழுச் சுற்று. மேடையில் "ஒன் கோரசு மட்டும் பாடுங்கள்" என்றால் ஸபியை மட்டும் பாடிவிட்டு இறங்கக்கூடாது. 'ஒன் ஹாஃப்' என்றால் ஒரு சுற்றோடு இன்னொரு அரை. ஸபியைக் கோரஸ் என்று மொழிபெயர்த்தால் இந்த மூன்றும் குழம்பிவிடும்.

பல்லவி வேறு வகையில் பொருந்தாது. எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசையார் சொல்லும் வரிசையில் பல்லவி எடுப்பு. பாட்டு அங்கே பிறந்து சரணத்துக்குப் போய் வீடு திரும்புகிறது. ஸபியோ ஏறிச் சென்று அடையும் இடம். பல்லவி என்று பெயர் வைத்தால், பாட்டின் முதல் வரியிலேயே ஸபியைத் தேடுவோம்.

நம்மிடம் இருக்கும் சொற்களில் நெருங்கி வருவது 'மகுடம்'. சதகங்களில் ஒவ்வொரு பாட்டின் இறுதியிலும் மாறாமல் வரும் தொடருக்கு அந்தப் பெயர். அறப்பளீசுர சதகத்தில் செய்யுள்தோறும் 'அறப்பளீசுர தேவனே' என்று வந்து முடிவது போல. மகுடத்தில் சொல் மாறாது, ஸபியில் மெட்டு மாறாமல் சொல் மாறலாம் என்ற வேறுபாடு உண்மைதான். ஆனால் கென்ஷி யோனெசு எழுதிப் பாடிய 'லெமன்' (2018) பாட்டைக் கேளுங்கள். முன்னிசையே இல்லாமல் குரல் தொடங்குகிறது. ஸபி மூன்று முறை வருகிறது, இரண்டாம் முறை சொற்கள் வேறு. ஆனால் மூன்று முறையும் அது வந்து நிற்கும் வரி ஒன்றே: இப்போதும் நீதான் என் ஒளி என்று இறந்தவரிடம் சொல்லும் வரி. அந்த வரி மகுடம் என்ற சொல்லுக்கே எடுத்துக்காட்டு போல நிற்கிறது.

மகுடம் என்று வைத்துக்கொண்டால் கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன. பாட்டே ஸபியோடு தொடங்கினால் 'அதாம-ஸபி'. 'அதாம' என்றால் தலை, ஆக தலைமகுடம். நருட்டோ ஷிப்புடென் என்ற அனிமே பார்த்தவர்களுக்குத் தெரிந்த, இகிமோனோகாகரி குழுவின் 'ப்ளூ பேர்ட்' (2008) இவ்வகை. 'ஒச்சி-ஸபி' தணிந்த மகுடம்: கடைசி உச்சத்துக்கு முன் டிரம்ஸும் பேஸும் விலக, பியானோவோ கிட்டாரோ மட்டும் துணையாக ஒற்றைக் குரல் ஸபியைப் பாடும். ஐடல் எனப்படும் இளம் பாடகர்-நடனக் குழுக்களின் மேடைகளில் இந்த இடம் யாருக்குக் கிடைக்கிறது என்பது பெரிய பேச்சு. அதுவரை கத்திக்கொண்டிருந்த ரசிகர்கள் வாயடைத்து, இரு கைகளையும் பாடுபவர் பக்கம் நீட்டி, அலை போல மெல்ல அசைப்பார்கள். பாலித் தீவின் ஆட்டத்தின் பெயரால் அதைக் 'கேச்சா' என்கிறார்கள். அடுத்து வரும் கடைசி ஸபி 'ரசு-ஸபி', கடைமகுடம். யோஅசோபி என்ற இருவர் குழுவின் 'யோரு நி ககேரு' (2019) போலப் பல பாட்டுகளில் சுருதி மாறுவதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான். 'ஓ-ஸபி', அதாவது பெருமகுடம், என்பதில் மட்டும் கவனம் வேண்டும்: சிலர் கடைசி ஸபியையும், சிலர் அதற்கு முன் ஒரே முறை வரும் புது மெட்டையும் அப்படி அழைக்கிறார்கள்.

கரோக்கேயில் பாடுவோர் அதிகம் தடுக்கி விழுவதும் மகுடத்தில்தான். ஏ-மெரோ தாழ்வாக இருப்பதால் சுருதி சரியாக இருக்கிறது என்று தொடங்கிவிடுகிறார்கள். ஸபியில் குரல் கிழிகிறது. முதலில் ஸபியின் மிக உயர்ந்த சுரத்தை மட்டும் பாடிப் பாருங்கள். கடைசியில் சுருதி ஏறும் பாட்டானால் அந்தக் கடைமகுடத்தைப் பாடிப் பாருங்கள். தொண்டை இறுகினால் கருவியில் சுருதி மாற்றும் கீ பொத்தானை ஒவ்வோர் அரைச்சுரமாக இறக்குங்கள். பிறகு ஏ-மெரோவின் மிகத் தாழ்ந்த சுரம் காற்றாகப் போகாமல் குரலாகவே ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.