கார்டு ரீடர் கதவைப் பூட்டாது

போன மாதம் மறுபடியும் அதே அழைப்பு. ஆள் வேறு, கட்டடம் வேறு, வாசகம் மட்டும் மாறவே இல்லை: “சார், யாரோ எங்க ஆக்சஸ் சிஸ்டத்தை ஹேக் பண்ணிட்டாங்க.” ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து லேப்டாப்களைக் காணோம். வாசலில் கார்டும் கைரேகையும் சேர்த்துக் கேட்கும் புத்தம் புது ரீடர். நுழைவுப் பதிவை எடுத்துப் பார்த்தால் இரவு பத்து மணிக்கு மேல் யாரும் கார்டு வைத்ததாகவே இல்லை. அப்புறம் ஹேக்கிங் இல்லாமல் வேறென்ன என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

போய் வாசலில் நின்றேன். கதவை அகலத் திறந்து கையை விட்டேன். ஒழுங்காகத்தான் வந்தது, கடைசியில் தயங்கியது, நிலையைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போது நின்றேவிட்டது. காந்தப் பூட்டுக்கும் அதன் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வந்தது. ரீடரில் மட்டும் சிவப்பு விளக்கு திவ்யமாக எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். கதவு டமாரென்று அடிக்கிறது என்று யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். பராமரிப்பு ஆள் ஏணி போட்டு ஏறி, கதவைத் தானாகச் சாத்தும் டோர் க்ளோசரில் ஒரு திருகை இறுக்கியிருக்கிறார். க்ளோசரில் பொதுவாக இரண்டு திருகு இருக்கும். ஒன்று, கதவு முழுத் தூரமும் வரும் வேகத்துக்கு. மற்றது, கடைசி நாலு விரற்கடைக்கு. அந்த இரண்டாவதைத்தான் அவர் இறுக்கினார். சத்தம் நின்றது. ஏசி ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளும் காற்றை ஜெயித்துக் கதவைச் சாத்தும் தெம்பும் அதோடு போனது. வந்த திருடனுக்கு லேப்டாப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கதவை இழுக்கத் தெரிந்தால் போதும்.

“அப்ப சிவப்பு லைட் எப்படி சார் எரியும்?” நல்ல கேள்வி. அந்த விளக்குக்கு அர்த்தம் ‘பூட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது மட்டுமே. கதவு எங்கே இருக்கிறது என்று ரீடருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நிலையில் பதிக்கும் டோர் கான்டாக்ட் என்ற சின்னக் காந்தச் சுவிட்ச். ரீடர் சொல்வதைக் கேட்டுப் பூட்டை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தேன். கான்டாக்டுக்கு இழுத்த இரண்டு ஒயர்கள் எங்கேயும் சேராமல், கறுப்பு டேப் சுற்றி, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. கதவு திறந்தே கிடக்கிறது என்று கத்த வேண்டியவனின் வாயைக் கட்டிவிட்டு, யாரும் கத்தவில்லையே என்று பதிவைப் புரட்டுகிறோம்.

இந்தத் தொழிலில் என்னை அதிகம் எரிச்சலூட்டும் வாசகம் ஒன்று உண்டு: “600 பவுண்டு லாக் சார், யானை வந்தாலும் அசையாது.” இதற்கு இன்று ஒரு தடவை விலாவாரியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்து யாராவது சொன்னால் இதை அனுப்பிவிடலாம்.

600 பவுண்டு, அதாவது 270 கிலோ சொச்சம், என்பது காந்தத்தின் முகமும் தகட்டின் முகமும் முழுப் பரப்பும் ஒட்டியிருக்கையில், நேர்கோட்டில், நிதானமாக இழுத்தால் தாங்கும் விசை. ஒட்டியிருந்தால். நடுவே ஒரு ஸ்டிக்கர் தடிமன் இடைவெளி விழுந்தால் போதும், பிடி சரசரவென்று இறங்கும். சுண்டுவிரல் இடைவெளியில் அது பூட்டே இல்லை, உத்தரத்தில் தொங்கும் வெறும் இரும்புக்கட்டி. தகடு கதவில் லேசாக ஆட வேண்டும். கதவு ஒரு நூல் கோணலாக வந்தாலும் தகடு தானே திரும்பி முழுசாக ஒட்டிக்கொள்ளத்தான் பின்னால் ரப்பர் வாஷர் வைத்திருக்கிறார்கள். ‘ஆடுதே’ என்று ஸ்பேனர் போட்டு முறுக்கும் புண்ணியவான்களை நான் வாரம் ஒருவராவது சந்திக்கிறேன். அவர்கள் கைபட்ட தகடு ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டும். பெட்டியில் அச்சடித்த எண் பெட்டியிலேயே தங்கிவிடும். ஒட்டும்போது ‘டக்’கென்று சத்தம் வருகிறதாம், அதனால் தகட்டின் மேல் டேப் ஒட்டியிருந்த ஒரு இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

இன்னும் முடியவில்லை. பூட்டு இருப்பது கதவின் தலையில். ஆள் பிடித்து இழுப்பது நடுவில். கண்ணாடிக் கதவாக இருந்தால் வளைந்து கொடுக்கும். நிதானமாக இழுக்கும் விசை வேறு, உடம்பெடையைப் போட்டு வெடுக்கென்று இழுக்கும் விசை வேறு. எல்லாவற்றுக்கும் மேல், அந்த 270 கிலோவையும் கடைசியில் தாங்குவது என்ன? அலுமினிய நிலையில் ஏற்றிய நாலு ஸ்க்ரூ. காந்தம் பிடியை விடாமலே, ஸ்க்ரூவோடு பிய்ந்து தகட்டில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். விளக்கு அப்போதும் சிவப்புதான்.

ஐரோப்பாவில் கதவுகளின் திருட்டுத் தாங்குதிறனைச் சோதிக்க இஎன் 1627 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறார்கள். கருவிகளோடு ஒருவர் கதவைத் தாக்குவார். ஆர்சி 2 வகை 3 நிமிடம் தாங்க வேண்டும், ஆர்சி 3 என்றால் 5 நிமிடம், ஆர்சி 4 என்றால் 10 நிமிடம். கவனிக்க வேண்டியது நிமிடக் கணக்கை விட, எதைச் சோதிக்கிறார்கள் என்பதை. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாம் சேர்ந்த ஒரே தொகுப்பாகத்தான் தேறும், ஒன்றாகத்தான் தோற்கும். ரீடருக்குத் தனி மார்க் கிடையாது. எந்த வாசலும் முழுக்க உடைபடாததும் இல்லை. உடைக்க நேரம் பிடிக்கும், அவ்வளவே. அந்த நேரத்துக்குள் யாருக்காவது தெரியவர வேண்டும். எலக்ட்ரானிக்ஸின் வேலை அங்கேதான்: உள்ளே விடலாமா என்று தீர்மானிப்பதும், ஏதோ தப்பு நடக்கிறது என்று சொல்வதும். தாங்குவது இரும்பும் மரமும் கண்ணாடியும்.

அதனால் வாசலுக்கு ஆள் கூப்பிடும்போது முதலில் கதவுக்காரரைக் கூப்பிடுங்கள், அப்புறம் எங்களை. கீல் வெளிப்பக்கம் இருந்தால், ஊசியைத் தட்டி உருவ முடியாத கீலாக மாற்றச் சொல்லுங்கள். பூட்டு நாக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு துணை நாக்கு இருக்கும். கதவு சாத்தியதும் அது உள்ளே அமுங்கியே இருக்க வேண்டும்; அப்போதுதான் பெரிய நாக்கைப் பிளாஸ்டிக் அட்டையால் தள்ள முடியாது. நிலையில் நாக்கைப் பிடித்திருந்து மின்சாரத்தால் விடும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக்கின் குழி அகலமாகப் போய்த் துணை நாக்கும் அதற்குள் விழுந்துவிட்டால், அந்த வாசலைத் திறக்க எங்கள் கார்டு தேவையில்லை, எந்தக் கார்டானாலும் நடக்கும்.

அடுத்த வயிற்றெரிச்சல், வெளிச்சுவரில் மாட்டும் ‘ஆல் இன் ஒன்’ ரீடர். பூட்டைத் திறக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதைச் சுவரிலிருந்து கழற்றியவனுக்குப் பூட்டின் ஒயர் கையில் கிடைத்துவிடும். அவனிடம் கார்டையும் கைரேகையையும் யார் கேட்பது? ரீடர் வெளியே, கன்ட்ரோலர் உள்ளே. இதில் பேரமே கிடையாது. ஏற்கெனவே மாட்டித் தொலைத்திருந்தால், ரிலேயை மட்டுமாவது உள்ளே கொண்டுபோகும் துணை மாட்யூல் உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள்.

கார்டு பற்றிச் சுருக்கமாக. 125 கிலோஹெர்ட்ஸ் சாதா கார்டுகள் தங்கள் எண்ணைக் கேட்பவருக்கெல்லாம் ஒப்பிக்கும். நகலெடுக்க நொடிகள் போதும். மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் ரகசியப் பூட்டை ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள், இன்றும் அதைப் புதிது என்று விற்கிறார்கள். அதைவிட வலுவான டெஸ்ஃபயர் கார்டு வாங்கினால் நல்லது, ஆனால் ரீடர் அதன் வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்திருந்தால் கொடுத்த காசு தண்டம். ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஓடுவது எண்ணை மறைக்காமல் அனுப்பும் பழைய வீகாண்ட் ஒயரா, மறையாக்கத்தோடு கூடிய ஓஎஸ்டிபி இணைப்பா என்றும் கேட்டு வையுங்கள். எண் அழுத்தும் கீபேடு என்றால், மாதக்கணக்கில் ஒரே ரகசிய எண்ணை வைக்காதீர்கள். நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளத்தால் 10,000 சாத்தியங்கள் 24 ஆகச் சுருங்கிவிடுகின்றன. வேலையை விட்டுப் போனவரின் கார்டை அன்றைக்கே நீக்குங்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

இனி, விளையாட்டில்லாத விஷயம்.

திருட்டு நடந்த கையோடு பலர் செய்யும் முதல் காரியம், இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுவது. அல்லது “வெளியே போறதுக்கும் கார்டு வெச்சாதான் திறக்கணும் சார், வேற வழியே கூடாது” என்பது. தயவுசெய்து வேண்டாம். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் தொழிற்சாலை தீயில் 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 1942-இல் பாஸ்டனின் கோகோனட் குரோவ் இரவு விடுதியில் 492 பேர் இறந்தார்கள். பிரதான வாசலின் சுழல்கதவில் கூட்டம் நெருக்கி அது சிக்கிக்கொண்டது, வேறு சில கதவுகள் பூட்டிக் கிடந்தன. உள்ளே வருபவரைத்தான் வாசல் விசாரிக்கலாம். உயிருக்குப் பயந்து வெளியே ஓடுபவரை எதுவும் கேட்கக் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் எல்லா இடத்திலும் வருகிறது. கரண்ட் போனால் திறந்துகொள்ளும் பூட்டு, கரண்ட் போனால் பூட்டியே இருக்கும் பூட்டு என்று இரண்டு வகை. காந்தப் பூட்டு முதல் வகை. பிறவியிலேயே அப்படி, மாற்ற முடியாது. இரண்டாவது வகையைச் சொன்னதும் “ஐயோ, உள்ளே மாட்டிக்குவாங்களே” என்று பயப்படுகிறார்கள். மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பூட்டு வெளிப்பக்கத்தை மட்டும்தான் மறுக்கிறது. உள்பக்கக் கைப்பிடி இயந்திர முறையில் நேராக நாக்கை இழுக்கும். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே திருகில் வெளியே வந்துவிடலாம். பல வாசல்களுக்கு இதுதான் பொருத்தம். மின்வெட்டில் வாசல் ‘ஆ’வென்று திறந்து கிடக்காது, ஆளும் சிறைப்பட மாட்டார்.

காந்தப் பூட்டுத்தான் வைப்பேன் என்றால், வாசலருகே அவசரத்துக்கு அழுத்தும் பச்சைப் பெட்டி கட்டாயம். அதை அழுத்தினால் பூட்டுக்குப் போகும் கரண்ட் நேரடியாக அறுபட வேண்டும். கன்ட்ரோலரிடம் போய் மனுக் கொடுத்து, சாஃப்ட்வேர் யோசித்து, அப்புறம் திறக்கும் ஏற்பாடு செல்லாது. ஃபயர் அலாரம் அடித்தாலும் அதே போல அறுபட வேண்டும். இணைப்பு கொடுத்திருக்கிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் தலையாட்டாதீர்கள். உங்கள் எதிரில் அழுத்தச் சொல்லுங்கள். தொங்கவிட்ட பச்சைப் பெட்டிக்குப் பின்னால் ஒயரே இல்லாத வாசல்களை நான் பார்த்தாகிவிட்டது.

பேட்டரியையும் அப்போதே பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி, அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டைக் காகிதக் கணக்கில் 14 மணி நேரம் தாங்கும். நாலு வருடம் பெட்டிக்குள் வெந்துகிடந்த பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. மெயினை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் நடக்கும் ஒன்று உண்டு: ஒருவர் கார்டு வைக்க, பின்னால் மூன்று பேர் நுழைவது. இதற்கு ரீடரைத் திட்டிப் பயனில்லை. ஒரு தடவை திறந்தால் கதவுக்கு ஆளை எண்ணத் தெரியாது. எண்ண வேண்டிய இடம் என்றால் ஒருவர் மட்டும் நுழையும் தடுப்புக் கதவோ, ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும் இரட்டைக் கதவோ வேண்டும். அந்த அளவுக்குத் தேவையில்லாத இடத்தில், பின்னால் வருபவரிடம் “நீங்களும் ஒரு தடவை கார்டை வெச்சிடுங்களேன்” என்று கேட்கும் பழக்கம் போதும். கேட்கச் சங்கடமாக இருக்கும், தெரியும். மேலதிகாரி முதலில் தன் கார்டை வைத்துக் காட்டினால் மற்றவர்களுக்கு அந்தச் சங்கடம் பாதியாகக் குறையும். தீயணைப்பு சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைக்கும் வழக்கத்தையும் அவரே நிறுத்தலாம்.

அந்த அலுவலகத்தில் நான் செய்தது, க்ளோசர் திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன், தகட்டின் நட்டை விட்டுக் கொடுத்தேன், சுருண்டு கிடந்த இரண்டு ஒயர்களைக் கன்ட்ரோலரில் சேர்த்து, கதவு அரை நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் பசர் அடிக்கும்படி அமைத்தேன். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஹேக்கரைப் பிடித்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நேற்று மறுபடி போன். “சார், அந்த பசர் நாள் பூரா கத்துது. ஸ்டாஃப் எல்லாம் சொல்றாங்க. அந்த ஒயரை மட்டும் கழட்டிடலாமா?”

எந்த நேரத்தில், யாருடைய கார்டுக்குப் பிறகு கத்துகிறது என்று பதிவைப் பாருங்கள் என்றேன். இப்போது அதில் பார்க்க ஏதோ இருக்கிறது.