ஊர்க்கிடாவின் கணக்கு

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு தெருவில் ஐம்பது வெள்ளாடு இருந்தாலும் கிடா ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். கொழுத்து வளர்ந்த கிடாக்குட்டி முதலில் கறிக்குப் போய்விடும். விலைபோகாத நோஞ்சானோ, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவோ தெருப்பெட்டைகள் அத்தனைக்கும் மாப்பிள்ளையாகிவிடும். பதரை விதைக்கு வைத்துக்கொண்டு முற்றிய நெல்லை விற்பவர் டெல்டாவில் உண்டா? ஆட்டில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

பெட்டை ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். கிடாவோ ஒரே பருவத்தில் இருபத்தைந்து பெட்டைகளைச் சினையாக்கும். குட்டியின் மரபணுவில் பாதி தகப்பனுடையது என்பதால், ஊரின் அடுத்த தலைமுறைப் பாலைத் தீர்மானிப்பதில் மடியே இல்லாத இந்தப் பிராணிக்குத்தான் பெரிய பங்கு. அதை எப்படித் தேர்வது? தாயின் மடியைப் பார்த்து. நாலு ஆடு வைத்திருப்பவருக்கு ஒப்பிட ஆள் கிடையாது. நாற்பது வீட்டு ஆடுகளை ஒரே நோட்டில் எழுதினால்தான் எது கறவைக்காரி என்று தெரியும்.

அளப்பதிலும் பக்குவம் வேண்டும். மாதம் ஒரு நாள், மாலை ஆறு மணிக்கு மடியை ஒட்டக் கறந்துவிட்டுக் குட்டிகளைப் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கறந்தால் அது 12 மணி நேரப் பால்; இரட்டித்தால் நாள் கணக்கு. ஆழாக்கில் அளந்தால் நுரை ஏமாற்றிவிடும், தராசில் நிறுப்பதே சரி. தலையீற்று ஆட்டை மூன்றாம் ஈற்று ஆட்டோடு ஒப்பிடவும் கூடாது. ஆட்டுக்கு ஆடு பால் வேறுபடுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மரபால் வருவது. மற்றதெல்லாம் அகத்தியும் தண்ணீரும் பராமரிப்பும். ஆகவே ஒரு நாள் பாலை நம்பிக் கிடா வாங்குவது சீட்டாட்டம்.

நல்ல கிடா கிடைத்த ஊரில் அடுத்த தவறு, அதை விடாமல் வைத்துக்கொள்வது. வந்த ஐந்தாம் மாதம் குட்டிகள் பிறக்கும். இன்னும் பத்து மாதத்தில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்து நிற்பார்கள். தகப்பனோடு மகள் சேர்ந்து பிறக்கும் குட்டியில், எந்த ஒரு மரபணுவை எடுத்தாலும் இரு பக்கமும் ஒரே பிரதியாக வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மறைந்திருக்கும் குறைகள் அப்போதுதான் வெளியே வரும்: சவலைக் குட்டி, குறைந்த பால், சினை பிடிக்காத பெட்டை. ஒன்றேகால் வருடத்துக்குள் கிடாவைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்து அவர்களுடையதை வாங்கிக்கொண்டால் செலவில்லாமல் தப்பலாம். ராசியான கிடா என்று பிடித்துவைப்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் ஆடு வளர்ப்புப் பயிற்சியிலேயே கடினமான பாடம்.

காலமும் கணக்குத்தான். வெள்ளாட்டின் சினை சுமார் 150 நாள். ஆவணியில் சேர்த்தால் தையில் ஈனும். சம்பா அறுவடை நடக்க நடக்க மேய்ச்சல் திறக்கும் நேரம் அது. ஆடியிலும் ஆனியிலும் சேர்ந்தவை கார்த்திகை, மார்கழி மழை ஈரத்தில் ஈனும். ஈரத் தரையில் குட்டிக்குச் சளி பிடிக்கும், சுற்றிலும் பயிர் நிற்பதால் தாய்க்கு வரப்புப் புல்தான். அதனால் அந்த மாதங்களில் கிடாவின் வயிற்றுக்கு அடியில் ஒரு சாக்குத் துணியைத் தொங்கவிட்டு முதுகில் முடிச்சுப் போடுகிறார்கள். மந்தையோடு மேயும், தாவும், ஒன்றும் நடக்காது. ஆவணி பிறந்ததும் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள்.